காய்ச்சலுக்கு எந்தச் சோதனை, எங்கே? டெங்கு ரேபிட் கார்டு, எலிசா, பி.சி.ஆர். ஓர் ஒப்பீடு

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஒரே கேள்வி பல விதமாக வரும். "பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல். தெருமுனை லேபில் கார்டு டெஸ்ட் எடுத்தால் போதுமா, ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போகணுமா?" "கார்டில் நெகட்டிவ்னு வந்துடுச்சு, டாக்டர் எலிசா எடுக்கச் சொல்றார், இது எதுக்கு?" "அரசு ஆய்வகத்தில் இலவசம்தான், ஆனா ரிசல்ட் வர லேட் ஆகுமாமே?"

கார்டு என்பது சில நிமிடத்தில் கோடு காட்டும் சோதனை. எலிசா, ஆய்வக இயந்திரம் நிறத்தை அளந்து சொல்வது. பி.சி.ஆர்., வைரஸின் மரபுப்பொருளைத் தேடுவது. எந்தச் சோதனை சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. காய்ச்சலின் எத்தனையாவது நாள், எந்த மாதம், வீட்டில் யாருக்கு என்பவற்றைப் பொறுத்துப் பதில் மாறும். கூடவே, பலரும் கணக்கில் சேர்க்காத ஒன்று உண்டு. உங்கள் ரத்தச் சோதனையின் முடிவு உங்கள் டாக்டருக்கு மட்டும் போனால் பாதி வேலைதான் முடிகிறது. அது பொது சுகாதாரத் துறைக்கும் போய்ச் சேர்ந்தால்தான் உங்கள் தெருவில் கொசுப்புழு தேட ஆள் வருவார்கள். அதனால் இந்த ஒப்பீட்டில் அதையும் ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

காய்ச்சலின் நாள். இதுதான் முதன்மையானது. டெங்கு வைரஸ் ரத்தத்தில் அதிகமாக இருப்பது முதல் ஐந்து நாட்கள். அப்போது வைரஸ் வெளியிடும் என்.எஸ்.1 என்ற புரதமும் ரத்தத்தில் இருக்கும். அதன்பிறகு அது குறையத் தொடங்க, உடல் தயாரிக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் ஏறத் தொடங்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, ஐந்தாம் நாளில் ஏறக்குறைய 80 சதவீதம் பேரிடமும் பத்தாம் நாளில் 99 சதவீதம் பேரிடமும் ஐஜிஎம் தென்படும். ஆகவே இரண்டாம் நாளில் ஐஜிஎம் பார்ப்பதும், எட்டாம் நாளில் என்.எஸ்.1 மட்டும் பார்ப்பதும் பெரும்பாலும் காசுக்குக் கேடு.

நாளை எண்ணும்போது ஒரு கவனம் வேண்டும். உடம்பு முதன்முதலில் சுட்ட நாள்தான் முதல் நாள். பலர் டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அதற்கு முன் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளித்த இரண்டு நாளைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு நாளில் எந்தச் சோதனை சரி என்பதே மாறிவிடுகிறது.

நம்பகம். நோய் இருப்பவரை விட்டுவிடாமல் பிடிக்கிறதா, இல்லாதவரை இருக்கிறது என்று சொல்லாமல் இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

நேரம். முடிவு எப்போது கைக்கு வரும்.

செலவு. லேப் பில் மட்டும் செலவல்ல. விடுப்பு எடுத்த நாள் கூலி, பஸ் கட்டணம், தவறான முடிவால் வரும் வீண் அட்மிஷன் எல்லாமே செலவுதான்.

முடிவு யாரிடம் போகிறது. தமிழ்நாட்டில் டெங்கு அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். தனியார் மருத்துவமனைக்கும் லேபுக்கும் அந்தக் கடமை உண்டு. ஆனால் எந்தச் சோதனையில் வந்த முடிவு என்பதைப் பொறுத்து அது 'உறுதியான நோயாளி' என்ற கணக்கில் சேரும், அல்லது 'இருக்கலாம்' என்ற கணக்கிலேயே நின்றுவிடும்.

## ஒரு பார்வையில்

| | ரேபிட் கார்டு | என்.எஸ்.1 எலிசா | ஐஜிஎம் எலிசா | பி.சி.ஆர். |
|---|---|---|---|---|
| ஏற்ற நாள் | கார்டின் வகையைப் பொறுத்து | 1 முதல் 5 வரை | 5-க்குப் பிறகு | 1 முதல் 5 வரை |
| முடிவு வர | அரை மணிக்குள் | அதே நாள் அல்லது மறுநாள் | அதே நாள் முதல் ஓரிரு நாள் | ஒன்றிரண்டு நாள், சில சமயம் கூடுதல் |
| அரசில் செலவு | பொதுவாக இதை நம்பி நடப்பதில்லை | இலவசம் | இலவசம் | நோயாளி கேட்டு எடுப்பதல்ல |
| தனியாரில் செலவு | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் | அதிகம் |
| அரசுக் கணக்கில் | 'இருக்கலாம்' | உறுதி | உறுதி | உறுதி |
| பெரிய பலவீனம் | நெகட்டிவை நம்ப முடியாது | இரண்டாம் முறை டெங்குவில் தவறவிடலாம் | போன மாதக் காய்ச்சலையும் காட்டும் | எல்லா ஊரிலும் கிடைக்காது |

## ரேபிட் கார்டு

கர்ப்பப் பரிசோதனைக் கார்டு மாதிரியேதான் இதுவும். ஒரு சொட்டு ரத்தம் அல்லது சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர்), அதன்மேல் கரைசல், பதினைந்து இருபது நிமிடத்தில் கோடு. 'சி' என்ற இடத்தில் கோடு வராவிட்டால் கார்டே செல்லாது. கடைகளில் கிடைக்கும் பல கார்டுகளில் என்.எஸ்.1 ஒரு பக்கமும் ஐஜிஎம், ஐஜிஜி (தொற்று போன பிறகும் நீண்ட காலம் தங்கும் எதிர்ப்பொருள்) இன்னொரு பக்கமும் சேர்ந்தே இருக்கும்.

இதன் பலம் வேகம். காலையில் கொடுத்தால் டீ குடித்து முடிப்பதற்குள் முடிவு வந்துவிடும். ஆய்வகமே இல்லாத கிராமத்தில், இரவு நேரத்தில், இது ஒன்றுதான் கையில் கிடைக்கும் என்றால் எடுப்பதில் தவறில்லை. முதல் மூன்று நாளில் என்.எஸ்.1 கோடு பளிச்சென்று விழுந்தால், அதுவும் ஊரில் டெங்கு பரவியிருக்கும் மாதத்தில், அதை நம்பிக் கவனிப்பைத் தொடங்கிவிடலாம்.

சிக்கல் நெகட்டிவ் முடிவில்தான். நல்ல கார்டு, சுமார் கார்டு என்று சந்தையில் எல்லாம் கலந்திருக்கிறது. ஒரு கணக்குக்காக, ஒரு கார்டு பத்து டெங்கு நோயாளிகளில் மூவரைத் தவறவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர், நவம்பரில் நூறு காய்ச்சல்காரர்களில் ஐம்பது பேருக்கு டெங்கு இருக்கிற ஒரு தெருவில், கார்டு 35 பேரைப் பிடிக்கும், 15 பேரை விட்டுவிடும். டெங்கு இல்லாத ஐம்பது பேருக்கும் நெகட்டிவ் என்றே வைத்தால், நெகட்டிவ் வாங்கிய 65 பேரில் 15 பேருக்கு டெங்கு இருக்கிறது. ஏறக்குறைய நாலில் ஒருவர். "கார்டில் ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு" என்று பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிடுவது இந்த நாலில் ஒருவருக்குத்தான் ஆபத்தாகிறது.

இதே கார்டை டெங்கு அபூர்வமாக இருக்கும் ஏப்ரலில் எடுத்தால் நிலைமை தலைகீழாகும். நூறு காய்ச்சலில் இரண்டு பேருக்குத்தான் டெங்கு. மீதி 98 பேரில் மூவருக்குக் கார்டு தவறாகப் பாசிட்டிவ் காட்டினாலே, பொய்யான பாசிட்டிவ் உண்மையானதைவிட அதிகமாகிவிடும். கார்டும் அதே, லேபும் அதே. மாதம் மாறியதும் முடிவின் அர்த்தம் மாறிவிடுகிறது.

கார்டின் ஐஜிஎம், ஐஜிஜி பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் பெரியவர்கள் பலருக்கு எப்போதோ ஒரு முறை டெங்கு வந்து போயிருக்கும், அது டெங்கு என்று தெரியாமலே. அவர்களுக்கு ஐஜிஜி கோடு விழுவதில் ஆச்சரியமில்லை. ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்ற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து போய் அட்மிட் ஆகிறவர்கள் உண்டு. அந்தக் கோடு மட்டும் இப்போதைய காய்ச்சலைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லாது.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், கார்டு மலிவாகத் தொடங்கி விலை ஏறுகிற சோதனை. முதல் நாள் கார்டு நெகட்டிவ், மூன்றாம் நாள் மறுபடி கார்டு, அப்புறம் டாக்டர் சொல்லி எலிசா. ஒரே தடவையில் எலிசா எடுத்திருந்தால் குறைவாக ஆகியிருக்கும்.

## என்.எஸ்.1 எலிசா

கார்டு தேடும் அதே புரதத்தைத்தான் இதுவும் தேடுகிறது. ஆனால் இயந்திரம் நிற அடர்த்தியை அளந்து எண்ணாகச் சொல்கிறது. கண்ணால் கோட்டை உற்றுப் பார்த்து "இருக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் தெரிந்த பாசிட்டிவ், தெரிந்த நெகட்டிவ் மாதிரிகளைச் சேர்த்தே ஓட்டுவார்கள். அவை சரியாக வராவிட்டால் அந்த ஓட்டத்தின் முடிவுகள் எல்லாமே ரத்து.

காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் என்னைக் கேட்டால் இதுதான் முதல் தேர்வு. பெரிய அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும். தனியாரிலும் பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களில் உண்டு. சீட்டில் 'என்.எஸ்.1' என்று மட்டும் இருந்தால் போதாது. எலிசாவா, கார்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விலையில் வேறுபாடு இருப்பதால் லேபில் சொல்லிவிடுவார்கள்.

பலவீனம் ஒன்று. ஏற்கெனவே ஒரு முறை டெங்கு வந்தவருக்கு மறுபடி வரும்போது, பழைய எதிர்ப்பொருள் என்.எஸ்.1 புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் சோதனையில் தென்படாமல் போகலாம். இரண்டாம் முறை வரும் டெங்குதான் தீவிரமாகும் வாய்ப்பு கூடியது என்பதால் இது சின்ன விஷயமில்லை. முன்பு டெங்கு வந்தவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என்.எஸ்.1 நெகட்டிவ் வந்தாலும் ஐந்தாம் நாளுக்குப் பின் ஐஜிஎம் எடுக்கச் சொல்வார்.

## ஐஜிஎம் எலிசா: அரசு ஆய்வகத்தின் வேலைக்குதிரை

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. அரசின் டெங்குக் கண்காணிப்பு பெருமளவு இந்தச் சோதனையை நம்பித்தான் ஓடுகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் பலவும் டெங்குவுக்கான கண்காணிப்பு மருத்துவமனைகளாக அறிவிக்கப்பட்டவை. அவற்றுக்கு ஐஜிஎம் கிட் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனத்திலிருந்து இலவசமாக வருகிறது. சிக்கலான மாதிரிகளுக்கும் மேல் சோதனைகளுக்கும் சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனம் இருக்கிறது. 1899-ல் பெரியம்மைத் தடுப்பூசிக்காகத் தொடங்கிய அந்த இடம், இன்று டெங்குவுக்கான உச்சநிலை ஆய்வகங்களில் ஒன்று.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், "ஏன் லேட்" என்ற கேள்விக்கும் பதில் கிடைக்கும். தட்டில் 96 சிறு குழிகள். குழியின் அடியில் மனித ஐஜிஎம்மைப் பிடிக்கும் பொருள் ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும். நோயாளியின் சீரத்தை நீர்க்கச் செய்து ஊற்றி, 37 டிகிரியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். பிறகு கழுவ வேண்டும். அடுத்து டெங்கு ஆன்டிஜென் (எதிர்ப்பொருள் பற்றிக்கொள்ளும் வைரஸ் பொருள்), மறுபடி காத்திருப்பு, மறுபடி கழுவல். அப்புறம் அதை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருள், அதற்கும் காத்திருப்பு, கழுவல். கடைசியில் நிறம் தரும் கரைசலை விட்டதும், ஐஜிஎம் இருக்கும் குழிகள் மெல்ல நீலமாகும். அமிலத்தை விட்டு நிறுத்தினால் மஞ்சளாகும். அந்த மஞ்சளின் அடர்த்தியை 450 நானோமீட்டர் அலைநீளத்தில் இயந்திரம் படிக்கும். இடையில் ஒரு கழுவலை ஒழுங்காகச் செய்யாவிட்டால் இல்லாதவருக்கும் நிறம் ஏறிவிடும். அரை நாள் வேலை, பொறுமையான கை வேண்டும்.

ஒரே ஒரு மாதிரிக்காக இதை ஓட்டுவது கட்டுப்படியாகாது, ஏனென்றால் ஒவ்வொரு ஓட்டத்திலும் கட்டுப்பாட்டு மாதிரிகளுக்கும் குழிகள் போகும். மழைக்காலத்தில் மாதிரிகள் குவிவதால் தினமும் ஓட்டுவார்கள், முடிவும் சீக்கிரம் வரும். டெங்கு குறைந்த மாதங்களில் மாதிரிகள் சேரும்வரை காத்திருக்க நேரலாம்.

இங்கே மறைமுகச் செலவு நோயாளியின் நேரம். ஓ.பி. சீட்டு, டாக்டரைப் பார்ப்பது, ரத்தம் கொடுப்பது, முடிவுக்கு மறுபடி வருவது என்று தினக்கூலிக்காரருக்கு இரண்டு நாள் போகலாம். இதைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காய்ச்சல் முகாமிலோ ரத்தம் எடுத்து மாவட்டப் பொது சுகாதார ஆய்வகத்துக்கு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். மாதிரியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து அனுப்ப வேண்டும் என்பதால், காலையில் போனால் அன்றைய வண்டியில் போய்ச் சேரும். முடிவைச் சொல்ல போன் எண்ணைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.

ஐஜிஎம்முக்கும் தன் பங்குக்கு இரண்டு குறைகள் உண்டு. அது ரத்தத்தில் இரண்டு மூன்று மாதம் தங்கக்கூடும். ஆகஸ்டில் வந்துபோன டெங்குவின் ஐஜிஎம், அக்டோபரில் வேறு காரணத்தால் வரும் காய்ச்சலின்போது பாசிட்டிவ் காட்டலாம். இரண்டாவது, டெங்குவின் சொந்தக்கார வைரஸ்களான ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா ஆகியவற்றுக்கான எதிர்ப்பொருளும் சில சமயம் குறுக்கே வந்து பாசிட்டிவ் காட்டிவிடும். சந்தேகம் எழுந்தால் பத்து, பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு மாதிரி எடுத்து எதிர்ப்பொருள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒப்பிடுவார்கள்.

## பி.சி.ஆர்.

வைரஸின் மரபுப்பொருளையே தேடுவது. முதல் ஐந்து நாளில் துல்லியமானது. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் இருப்பதில் இது எந்த வகை என்றும் சொல்லும். நோயாளிக்கு இதனால் கிடைக்கும் கூடுதல் பயன் குறைவு, நான்கு வகைக்கும் சிகிச்சை ஒன்றுதான். தனியாரில் இதற்காகக் கூடுதல் ஆயிரங்களைச் செலவழிக்கச் சாதாரணக் காய்ச்சலில் காரணம் இல்லை.

பொது சுகாதாரத்துக்கு இது அவசியம். ஒரு மாவட்டத்தில் சில ஆண்டுகளாக ஒரே வகை பரவி, திடீரென்று வேறொரு வகை உள்ளே வந்தால், முன்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டாம் தொற்று வரும். தீவிர நோயாளிகள் கூடலாம், படுக்கைகளைத் தயார் செய்ய வேண்டும். அதனால் எல்லா மாதிரியையும் பார்க்காமல், ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து வகை பிரித்துப் பார்ப்பார்கள். உங்கள் ரத்தம் அதற்காக எடுக்கப்பட்டால் மறுக்காதீர்கள்.

## எது எடுத்தாலும் சேர்த்து எடுக்க வேண்டியது

சிபிசி என்ற முழு ரத்த அணுக்கணக்கு டெங்குவா இல்லையா என்று சொல்லாது. ஆனால் உயிரைக் காப்பது பெரும்பாலும் அதுதான். டெங்கு என்று உறுதியாவதற்கு முன்பே மூன்றாம் நாளிலிருந்து டாக்டர் சொல்லும் இடைவெளியில் எடுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் எடுப்பார்கள்.

எல்லோரும் பிளேட்லெட்டை மட்டும் பார்க்கிறார்கள். ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை சாதாரணம், அது ஒரு லட்சத்துக்குக் கீழே போனதும் வீடே கலங்கிவிடுகிறது. அதே சீட்டில் ஹீமட்டோக்ரிட், சில லேபில் பி.சி.வி., என்று இன்னொரு எண் இருக்கும். அது முன்பிருந்ததைவிட 20 சதவீதம் ஏறினால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். டெங்குவில் 'ஷாக்' என்ற அதிர்ச்சி நிலைக்குத் தள்ளுவது இந்தக் கசிவுதான். பிளேட்லெட் மட்டும் குறைந்து ரத்தக்கசிவு இல்லாவிட்டால், பத்தாயிரத்துக்குக் கீழே போகும்வரை பிளேட்லெட் ஏற்றுவதைப் பொதுவாக வழிகாட்டுதல்கள் சொல்வதில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்துக் கட்டம் தொடங்குகிறது. "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று நிம்மதியாகும் நாளில்தான் கண் வைத்திருக்க வேண்டும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருப்பாக மலம், அசதியில் சுருண்டு படுப்பது, குழந்தை காரணமில்லாமல் அழுது அரற்றுவது, கை கால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்தச் சோதனை முடிவுக்கும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சலுக்கு பாரசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவைக் கூட்டும்.

## டெங்கு இல்லை என்றால்

டெங்கு நெகட்டிவ் என்றதும் தேடலை நிறுத்திவிடுவது பெரிய இழப்பு. மலேரியாவுக்கு ரத்தத் தடவல் சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். சென்னை போன்ற இடங்களில் அதை விடவே கூடாது. வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டைப் பக்கம் காய்ச்சல் ஐந்தாறு நாள் நீடித்தால், ஸ்கரப் டைஃபஸ் என்ற உண்ணிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு என்று மறைவான இடத்தில் சிகரெட் சூடு போட்டாற்போல் கருப்பாக ஒரு புண் இருக்கலாம், வலிக்காது. நேரத்தில் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையில் சரியாகும், தவறவிட்டால் உயிரைக் கொல்லும். தேங்கிய வெள்ளநீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல்.

வைடால் சோதனையை ஒருமுறை மட்டும் எடுத்து 'டைஃபாய்டு' என்று முடிவு கட்டுவது நம் ஊரில் மிகப் பரவலான பழக்கம். முன்பு வந்த தொற்று, தடுப்பூசி எல்லாமே அந்த அளவை ஏற்றிக் காட்டும். ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்த கல்ச்சர்தான் நம்பகமானது, அதுவும் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுத்தால்.

'ஃபீவர் புரொஃபைல்' என்று எல்லாவற்றையும் ஒரே விலையில் கட்டித் தரும் பேக்கேஜ்களில், முதல் நாளிலேயே ஐஜிஎம்மும் வைடாலும் சேர்ந்திருப்பதைப் பார்க்கலாம். இரண்டுமே அன்று பெரிதாகப் பயன்படாது.

## முடிவு தெருவுக்குப் போகும் வழி

தொடக்கத்தில் சொன்ன ஐந்தாவது அளவுகோல் இங்கேதான் வேலை செய்கிறது. 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள். கிராம சுகாதார செவிலியர் போன்ற களப்பணியாளர்கள் அறிகுறியை வைத்துத் தருவது எஸ். டாக்டர் நோயைக் கணித்துத் தருவது பி. ஆய்வகம் உறுதி செய்து தருவது எல். இன்று இவை இணையத்தளம் வழியே போகின்றன. எல் படிவத்தில் ஒரு தெருவின் பெயர் ஏறியதும் சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் போகும். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் அந்த வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் பார்ப்பார்கள். வேறு யாருக்கேனும் காய்ச்சலா என்று கேட்பார்கள். தண்ணீர்த் தொட்டிகளில் அபேட் என்ற கொசுப்புழுக்கொல்லி மருந்தை ஊற்றுவார்கள், தேவைப்பட்டால் புகை மருந்து அடிப்பார்கள்.

இதில் நாட்கணக்கு முக்கியம். நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும் நாட்களில் அவரைக் கடிக்கும் ஏடிஸ் கொசு, உடனே நோயைப் பரப்பாது. வைரஸ் அதன் உடலில் வளர்ந்து உமிழ்நீருக்கு வர 8 முதல் 12 நாள் ஆகும். முட்டையிலிருந்து புதுக் கொசு பறந்து வரவும் ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள். அந்தக் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் போகாது. நாலாம் நாளே என்.எஸ்.1 எலிசாவில் உறுதியாகி தகவல் போனால், வீட்டுக்குள் இருக்கும் கொசு பரப்பத் தொடங்குவதற்குள் ஆட்கள் வந்துவிட வாய்ப்பு இருக்கிறது. கார்டு நெகட்டிவை நம்பிக் காத்திருந்து ஒன்பதாம் நாள் ஐஜிஎம் எடுத்தால், நோயாளிக்குக் குணமாகியிருக்கும், அடுத்த வீட்டுக்காரருக்கு ஆரம்பித்திருக்கும். காய்ச்சல்காரரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

இந்தத் தொடரை உடைக்கும் ஒரு சாதாரண விஷயம், முகவரி. ரத்தம் கொடுக்கும் சீட்டில் பலர் ஆதாரில் உள்ள ஊரை எழுதுகிறார்கள். ஹாஸ்டலில் படிக்கும் பெண்ணுக்கு சொந்த ஊர் முகவரி, கட்டட வேலைக்கு வந்தவருக்கு மாமா வீட்டு முகவரி. பணியாளர்கள் தவறான தெருவில் தொட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். கடந்த இரண்டு வாரம் எங்கே தங்கினீர்கள், பகலில் எங்கே இருந்தீர்கள் என்பதுதான் தேவை. ஏடிஸ் பகலில் கடிப்பது, ஆகவே பள்ளி, பட்டறை, கட்டட வேலை நடக்கும் இடம் எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள்.

வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். நன்றாகத் துடைத்து வைத்த வீட்டிலும் ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டை யாரும் இழுத்துப் பார்ப்பதில்லை. டார்ச் அடித்தால் அதில் தேங்கிய தண்ணீரில் கமா குறி போல நெளிகிற புழுக்கள் தெரியும், வெளிச்சம் பட்டதும் அடியில் போய் ஒளியும். நூறு வீட்டுக்கு இப்படி எத்தனை பாத்திரங்களில் புழு இருக்கிறது என்று அவர்கள் எண்ணி எழுதும் கணக்கும், ஆய்வகத்தின் நோயாளிக் கணக்கும் சேர்ந்துதான் அடுத்த வாரம் எந்த வார்டுக்கு ஆள் போக வேண்டும் என்பதைச் சொல்கிறது. 2012-ல் தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்து 66 பேர் இறந்தார்கள். 2017-ல் 23,000-ஐத் தாண்டியது, 65 பேர் இறந்தார்கள். உறுதி செய்யப்பட்ட கணக்கு மட்டும் இது.

## எந்த நிலைமையில் எது

காய்ச்சல் ஒன்று முதல் ஐந்து நாள், உடம்பு தாங்கும் நிலை, அரசு மருத்துவமனை எட்டும் தூரம்: அங்கேயே என்.எஸ்.1 எலிசாவும் சிபிசியும், கூடவே மலேரியா தடவல். காலை ஓ.பி.யில் முதல் ஆட்களோடு போய்விடுங்கள்.

ஐந்து நாளைத் தாண்டிவிட்டது: ஐஜிஎம் எலிசா. தனியாரைவிட அரசு ஆய்வகமே நல்லது, சோதனைக் கிட்டின் தரம் எங்கும் ஒன்றே, முடிவும் நேராகக் கணக்கில் சேர்கிறது. ஐந்தாம் நாள் இரண்டும் சேர்த்து எடுப்பதில் தவறில்லை.

இரவு, கிராமம், அல்லது ஒருநாளும் விடுப்பு கிடைக்காத வேலை: தனியார் லேபில் கார்டு எடுங்கள். பாசிட்டிவ் என்றால் கவனிப்பைத் தொடங்குங்கள். நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளாமல், அடுத்த நாளும் சிபிசி. லேபைத் தேர்ந்தெடுக்கும்போது என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் உள்ளதா என்று சுவரில் மாட்டிய சான்றிதழைப் பாருங்கள்.

கர்ப்பிணி, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை, சர்க்கரை நோயாளி, முதியவர், முன்பு டெங்கு வந்தவர்: எங்கே மலிவு, எங்கே வேகம் என்று பார்க்க வேண்டாம். முதல் நாளிலிருந்தே படுக்கை வசதி உள்ள மருத்துவமனையில் காட்டுங்கள். சோதனை எதுவென்று அவர்களே முடிவு செய்வார்கள்.

தனியாரில் கார்டு பாசிட்டிவ் வந்து சிகிச்சையும் ஓடிக்கொண்டிருக்கிறது: சிகிச்சைக்காக மறுபடி எலிசா தேவைப்படாமல் போகலாம். ஆனால் சேர்ந்திருக்கும் மருத்துவமனையிடம் ஒரு குழாய் சீரத்தை மாவட்டப் பொது சுகாதார ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்குச் செலவில்லை. அங்கே உறுதியானால் உங்கள் தெரு பட்டியலில் ஏறும், அந்த வாரமே தொட்டிகளைப் பார்க்க ஆள் வருவார்கள்.